அடிக்கிற கையும் "எது வேணும்?" என்கிற கேள்வியும்

ஆட்டிசம் உள்ள ஒரு சின்னக் குழந்தை அடித்தால், கடித்தால், தலைமுடியைப் பிடித்து இழுத்தால், "இதை எப்படி நிறுத்துறது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறோம். "ஏன் அடிக்குது?" என்பது அதற்கப்புறம்தான் வரும், அதுவும் வந்தால். உளவியல் துறையும் இதே வரிசையில்தான் போயிருக்கிறது. ஆட்டிசம் 1943-ல் விவரிக்கப்பட்டது. அடிக்கு என்ன காரணம் என்பதை முறையாகச் சோதித்துப் பார்க்க 1970-களின் கடைசி வரை ஆனது. அதற்கும் பத்து வருஷம் கழித்துத்தான் ரொம்ப எளிமையான ஒரு யோசனை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது. அந்தக் குழந்தையிடமே "உனக்கு எது வேணும்?" என்று கேட்டுப் பார்த்தால் என்ன?

இந்தப் பதிவு அந்தக் கேள்வியின் வரலாறு. நான் டாக்டரும் இல்லை, சிறப்பாசிரியரும் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். இதில் இறங்கக் காரணம், எங்கள் கே.கே. நகரில் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒரு அம்மா. மகனுக்கு ஐந்து வயசு. சேர்த்த மூன்றாவது வாரமே ஒரு நர்சரிப் பள்ளியில், "மத்த புள்ளைகளைக் கடிக்கிறான், வீட்லயே வச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். "அடிக்கிற புள்ளைன்னே பேராயிருச்சுண்ணே" என்றார். அந்தப் பெயர் எப்படி ஒட்டுகிறது, எப்படி உரிகிறது என்று தேடியதில் கிடைத்தவைதான் கீழே இருப்பவை.

லியோ கானர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநல மருத்துவராக இருந்தவர். 1943-ல் அவர் எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள், 8 பையன்கள், 3 பெண்கள். இன்று எல்லோரும் அந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துச் சொல்வது இரண்டு விஷயம்: குழந்தை தனிமையை நாடுகிறது, எதுவும் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறது. ஆனால் கானர் கூடவே இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஒன்று, மாறாமல் இருக்க வேண்டும் என்கிற அந்தப் பிடிவாதத்தை வேறு யாரும் கலைக்கக் கூடாது, அந்தக் குழந்தையே எப்போதாவது கலைத்தால் மட்டும் பரவாயில்லை. இரண்டு, அவருடைய முதல் குழந்தையான டொனால்டுக்குக் கோபம் வந்தால் அது ஆள் மேல் வராது. குறுக்கே வந்த கையின் மேல், தன் மரக்கட்டையை மிதித்த காலின் மேல் வரும். அந்தக் கையை, அந்தக் காலைத் தள்ளிவிடுவான்.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்துப் பாருங்கள். மாற்றம் பிரச்சினை இல்லை, அதைச் செய்தது யார் என்பதுதான் பிரச்சினை. கோபம் நம் மேல் இல்லை, நாம் குறுக்கிட்டதன் மேல். பின்னாடி வரப்போகிற ஆராய்ச்சியின் விதை முழுக்க 1943-லேயே இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த இருபது வருஷம் பழி முழுக்க அம்மாக்கள் மேல் போனது. பாசமில்லாத தாய்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கருத்தைப் பிரபலமாக்கியவர் புரூனோ பெட்டல்ஹெய்ம். அவருடைய புத்தகம் 1967-ல் வந்தது. அதற்கு முன்பே, 1964-ல், தானே ஒரு ஆட்டிசக் குழந்தைக்குத் தகப்பனான பெர்னார்ட் ரிம்லேண்ட், இது மூளை சம்பந்தப்பட்டது, வளர்ப்பு சம்பந்தப்பட்டது இல்லை என்று புத்தகம் எழுதிவிட்டார். ஆனாலும் அம்மாவைக் குற்றம் சொல்லும் பழக்கம் லேசில் போகவில்லை. நம்ம ஊரில் "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா" என்று இன்றைக்கும் அது வேறு உருவில் சுற்றுகிறது.

1965 மே மாதம் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஐவார் லோவாஸ் நடத்திய சிகிச்சையைப் படங்களோடு வெளியிட்டது. கூச்சல், அறை, அன்பு மூன்றும் தலைப்பிலேயே இருந்தன. குழந்தையின் முகத்துக்கு நேரே கத்துவது, அறைவது, சரியாகச் செய்தால் சாப்பாடு, அணைப்பு. அதே வருஷம் லோவாஸும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஒரு ஆய்வில், ஐந்து வயது இரட்டையர்கள் நிற்கும் தரையிலேயே மின் அதிர்ச்சி வைத்தார்கள். பெரியவரிடம் வந்தால் அதிர்ச்சி நிற்கும். ஒதுங்கிப்போகிற குழந்தையை ஆட்களிடம் வரவைக்க இது வழி என்று அவர்கள் நினைத்தார்கள்.

லோவாஸை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். அந்தக் காலத்தில் தன்னைத்தானே கடித்துக்கொள்ளும் குழந்தைகளைக் கட்டிலில் கட்டிப்போட்டிருந்த விடுதிகளோடு ஒப்பிட்டால், "இந்தக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க முடியும்" என்று நம்பிய ஆள் அவர். 1987-ல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், வாரம் சுமார் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் சேர்ந்து படிக்கும் நிலைக்கு வந்ததாகச் சொன்னார். இன்று உலகம் முழுக்க ஏ.பி.ஏ. என்று சொல்லப்படும் பயிற்சிக்கு அந்த 9 பேர்தான் விளம்பரம். ஆனால் அந்த ஆய்விலும் உரத்த அதட்டலும் தொடையில் அடியும் உண்டு. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் குழு பிரிக்கவும் இல்லை. இதை எல்லாம் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜட்ஜ் ரோட்டன்பெர்க் மையம் என்ற ஒரு நிறுவனம், ஆட்டிசம் உள்ளவர்களின் உடம்பில் கருவியைக் கட்டிவிட்டு, தவறான நடத்தைக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. 2020-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தக் கருவிக்குத் தடை போட்டது. 2021-ல் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2022-ல் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி, தடை போடும் அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு என்று சொன்னது. 2024-ல் தடைக்கான முன்மொழிவை மறுபடி கொண்டுவந்தார்கள்.

திருப்பம் எங்கே வந்தது என்று கேட்டால், என் பட்டியலில் முதல் பெயர் எட்வர்ட் கார். 1977-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். குழந்தைகள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்வதற்கு ஒரே காரணம் இல்லை, பல காரணங்கள் இருக்கலாம். கவனம் கிடைக்கிறது, பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்க முடிகிறது, அந்த உணர்வே பிடித்திருக்கிறது, அல்லது உடம்பில் ஏதோ வலி. சிகிச்சைக்கு முன்னால் எது காரணம் என்று கண்டுபிடியுங்கள் என்றார். எங்கள் வேலையில் இதற்குப் பேர் டிபக்கிங். எர்ரர் மெசேஜை மறைத்துவிட்டால் பக் போய்விட்டதாக நினைக்கிற ஜூனியரை எல்லா டீமிலும் பார்த்திருப்பீர்கள்.

1980-ல் காரும் இரண்டு சக ஆய்வாளர்களும் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு பையன்கள், இருவருமே பயங்கரமாக அடிப்பவர்கள். உட்கார வைத்து "இதைச் செய், அதைச் செய்" என்று சொன்னால் அடி விழும். எதுவும் சொல்லாமல் சும்மா இருந்தால் அடி இல்லை. சரி, இது எதிர்பார்த்ததுதான். பிறகு, வேலை முடிந்துவிட்டது என்பதற்கு வழக்கமாகக் காட்டும் அடையாளத்தை வேலை நடக்கும்போதே காட்டினார்கள். அடிப்பது சட்டென்று கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. வெறி பிடித்து அடிப்பவனுக்கு அப்படி ஒரு சுவிட்ச் இருக்காது. அந்த அடிக்கு ஒரு பொருள் இருந்தது. "போதும், விடு" என்பதுதான் அது. பொருள் வேறு வழியில் நிறைவேறியதும் அடி தேவைப்படவில்லை.

கானர் இருந்த அதே பால்டிமோரில், 1982-ல் பிரையன் இவாட்டாவும் அவர் குழுவும் இதை ஒரு முறையாகவே வடித்துவிட்டார்கள். 15 நிமிஷத் துண்டுகள். ஒன்றில் குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் கவனம் கிடைக்கும், ஒன்றில் வேலை நிற்கும், ஒன்றில் குழந்தை தனியாக இருக்கும், ஒன்றில் விளையாட்டு. எந்தத் துண்டில் நடத்தை ஏறுகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். ஒரே மாதிரி வெளியே தெரிகிற நடத்தைக்குக் குழந்தைக்குக் குழந்தை காரணம் வேறு என்று எண்கள் காட்டின.

1985-ல் கார், மார்க் டுராண்ட் இருவரும் அடுத்த அடி எடுத்து வைத்தார்கள். நான்கு குழந்தைகள். பாடம் கஷ்டமாக இருப்பதால் கலாட்டா செய்கிற குழந்தைக்கு, எனக்குப் புரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். கவனம் வேண்டிக் கலாட்டா செய்கிற குழந்தைக்கு, நான் சரியாகச் செய்கிறேனா என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கலாட்டா குறைந்தது. இதைவிட முக்கியமானது இன்னொன்று. வாக்கியத்தை மாற்றிக் கற்றுக்கொடுத்தால், அதாவது கவனம் தேடும் குழந்தைக்கு 'புரியவில்லை' என்ற வாக்கியத்தைக் கொடுத்தால், குறையவில்லை. பேச்சு வந்தால் மட்டும் போதாது. அந்த அடி சொல்லவந்த அதே விஷயத்தை அந்தப் பேச்சு சொல்ல வேண்டும்.

இனி, தேர்வு.

1980-களின் நடுவில் அமெரிக்காவில் சில சிறப்புக் கல்வி ஆய்வாளர்கள் சங்கடமான ஒரு விஷயத்தை எழுத ஆரம்பித்தார்கள். கடுமையான குறைபாடு உள்ளவர்களின் ஒரு நாளைக் காலையிலிருந்து இரவு வரை பார்த்தால், அதில் அவர்களே முடிவு செய்வது என்று ஒன்றுமே இல்லை. எப்போது எழுவது, எந்தச் சட்டை, எந்தத் தட்டு, எந்த விளையாட்டு, எத்தனை நேரம், எல்லாம் வேறு யாரோ. 1990-ல் இதைப் பற்றி வந்த ஒரு கட்டுரையின் தலைப்பை என்னால் மறக்க முடியாது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு டோனட்டை அளவுக்கு மீறித் தின்பதற்கும் குட்டித் தூக்கம் போடுவதற்கும் உள்ள உரிமை என்று வருகிற தலைப்பு. எழுதியவர் டயான் பானர்மேனும் மூவரும். சிரிப்பாக இருந்தாலும் அது சீரியஸான சட்ட, நெறிமுறைக் கட்டுரை.

அதே 1990-ல், அதே ஆய்விதழில், கேத்லீன் டையர், கிளென் டன்லப், வின்சென்ட் வின்டர்லிங் மூவரும் ஒரு சிறிய சோதனையை வெளியிட்டார்கள். மூன்று மாணவர்கள். அடிப்பது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, பொருள்களை வீசுவது எல்லாம் உண்டு. ஒரு கட்டத்தில், செய்யவேண்டிய வேலை எது, அதற்குப் பரிசு எது என்று மாணவரே தேர்ந்தெடுப்பார். அடுத்த கட்டத்தில் அதே வகை வேலைகள், அதே பரிசுகள், ஆனால் ஆசிரியர் தேர்ந்தெடுப்பார். பிறகு மறுபடி மாணவர். எங்கள் பாஷையில் சொன்னால் ஒரு ஃபீச்சரை ஆன் செய்து, ஆஃப் செய்து, திரும்ப ஆன் செய்து பார்ப்பது. மூன்று பேரிடமும், தேர்வு ஆனில் இருக்கும்போது பிரச்சினை நடத்தை குறைந்தது. ஆஃபில் ஏறியது.

மூன்றே மூன்று பேர் என்று சிரிக்காதீர்கள். ஒரே ஆளிடம் மாறி மாறிச் சோதிக்கும்போது அந்த ஆளே அவருக்கு ஒப்பீடு. சிறிய எண்ணிக்கையிலும் நம்பத்தக்க பதில் கிடைக்கும், ஊருக்கெல்லாம் பொதுவான பதிலா என்பதுதான் தனிக் கேள்வி. அதற்குப் பின்னால் வந்த சோதனைகள் தேவைப்பட்டன, வரவும் செய்தன.

எனக்கு வந்த சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும். குழந்தை தனக்குப் பிடித்ததைத்தானே எடுக்கும்? பிடித்த வேலை என்பதால் அடிக்கவில்லை, இதில் 'தேர்வு' எங்கே வந்தது? ஆய்வாளர்களுக்கும் இதே சந்தேகம். 1994-ல் டன்லப் குழு இதற்கு அழகான வழி கண்டுபிடித்தது. ஐந்து வயதுப் பையன் ஒருவன் (இவனுக்கு ஆட்டிசம் இல்லை, நடத்தைச் சிக்கல்கள்). ஆசிரியர் கதைப் புத்தகம் வாசிக்கும் நேரம். ஒரு கட்டத்தில் எந்தப் புத்தகம் என்று அவன் சொல்வான். பிறகு ஒரு கட்டத்தில், அவன் முன்பு தேர்ந்தெடுத்த அதே புத்தகங்களை அதே வரிசையில் ஆசிரியரே எடுத்து வாசிப்பார். பழைய லாகை அப்படியே ரீப்ளே செய்வது மாதிரி. புத்தகம் அதே, வரிசை அதே, கேட்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். அவன் தானே தேர்ந்தெடுத்த நாட்களில்தான் கவனம் கூடுதல், கலாட்டா குறைவு.

இன்னும் எளிமையான ஒரு சோதனை 2006-ல் வந்தது. டைகர், ஹேன்லி, ஹெர்னாண்டஸ் மூவரும் சாதாரண மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்தது. ஒரு பக்கம் உட்கார்ந்தால் தட்டில் இருக்கும் ஒரே மாதிரியான தின்பண்டங்களில் ஒன்றைத் தானே எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் உட்கார்ந்தால் அதே தின்பண்டம் ஒன்றை ஆசிரியர் எடுத்துக் கொடுப்பார். கிடைப்பது இரண்டு பக்கமும் ஒன்றேதான். ஆனாலும் பல குழந்தைகள் தானே எடுக்கும் பக்கமே போய் உட்கார்ந்தார்கள். நம்ம வீட்டில் வடைத் தட்டை நீட்டினால் அம்மா எடுத்துக் கொடுக்கும் வடையைத் தள்ளிவிட்டு, அதே மாதிரி இன்னொரு வடையைத் தானே எடுக்கும் பிள்ளையைப் பார்க்காதவர் யார்? இது ஆட்டிசக் குணம் இல்லை, மனுஷக் குணம். வித்தியாசம் என்னவென்றால், மற்ற பிள்ளை ஒரு நாளைக்கு நூறு தடவை இப்படித் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறது. பேச்சு வராத பிள்ளைக்கு அந்த நூறும் மறுக்கப்படுகிறது, வேண்டுமென்று இல்லை, யாருக்கும் தோன்றாததால்.

எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று யாராவது சொன்னால் 2002-ல் வந்த ஒரு ஆய்வைக் காட்டுங்கள். ரோமானியுக், மில்டன்பெர்கர் குழுவினர் ஏழு பேரிடம் முதலில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், பிறகு வேலையைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள். வேலையிலிருந்து தப்பிக்க அடித்தவர்களிடம் அடி குறைந்தது. கவனத்துக்காக அடித்தவர்களிடம் குறையவில்லை. யோசித்தால் நியாயம்தானே. "இது எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் அடிக்கு, தேர்வு ஒரு பதில். "என்னைப் பாரு" என்று சொல்லும் அடிக்கு இரண்டு பொம்மையைக் காட்டினால் என்ன பிரயோஜனம்? கார் 1977-ல் சொன்னது இங்கேயும் நிற்கிறது: முதலில் ஏன்.

மருந்து வழியும் ஒன்று இதே காலத்தில் வந்தது. 2002-ல் 101 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் ரிஸ்பெரிடோன் என்ற மருந்து ஆக்ரோஷத்தையும் எரிச்சலையும் நன்றாகவே குறைத்தது. 2006-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. எட்டே வாரத்தில் மருந்து எடுத்த குழந்தைகளுக்குச் சராசரியாக 2.7 கிலோ எடை கூடியது, மற்றவர்களுக்கு 0.8 கிலோ. சில வீடுகளுக்கு மருந்து தேவைப்படும், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். என் ஆதங்கம் ஒன்றுதான். மாத்திரை எழுத இரண்டு நிமிஷம் போதும், ஏன் அடிக்கிறான் என்று பார்க்க இரண்டு வாரம் வேண்டும். கூட்டம் நிரம்பிய ஓ.பி.யில் எது நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நம்ம பக்கம் வருவோம். இந்தியச் சட்டத்தில் ஆட்டிசம் நுழைந்த கதையே தாமதக் கதை. 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தின் ஏழு வகைகளில் அது இல்லை. டெல்லியில் மெரி பருவா என்ற தாய் 1991-ல் ஆரம்பித்த ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் மாதிரி பெற்றோர் அமைப்புகள் தொடர்ந்து குரல் கொடுத்தன. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாக இடம் கிடைத்தது. தமிழக அரசு ஆவணங்களில் இதற்கு 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று பெயர். இந்தப் பெயரோடு எனக்குச் சண்டை உண்டு. புற உலகம் பற்றிச் சிந்தனையே இல்லாத குழந்தை, புற உலகம் தன் மேல் வந்து மோதும்போது ஏன் இவ்வளவு கோபப்படும்?

செகந்திராபாத்தில் இருந்த தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் இரண்டு முக்கியமான கருவிகளைக் கொடுத்தது. 1992-ல் ரீட்டா பெஷாவரியா, வெங்கடேசன் இருவரும் சேர்ந்து, இந்தியக் குழந்தைகளுக்கான நடத்தை மதிப்பீட்டு அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். அதன் இரண்டாம் பாகத்தில் மட்டும் 75 பிரச்சினை நடத்தைகள், பத்துத் தலைப்புகளில். முதல் தலைப்பே வன்முறை, நாசம் செய்தல். பிறகு 2009-ல் ஐசா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆட்டிச அளவுகோல் வந்தது. 40 கேள்விகள், மொத்த மதிப்பெண் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம். இன்று சான்றிதழ் வாங்கப் போகிற எல்லாப் பெற்றோரும் இதைத் தாண்டித்தான் வருகிறார்கள். அதில் ஆக்ரோஷ நடத்தைக்கு ஒரு வரி உண்டு, அடம்பிடித்துக் கத்துவதற்கு ஒரு வரி, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதற்கு ஒரு வரி. எவ்வளவு அடிக்கிறான் என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். ஏன் என்பதற்கு அங்கே இடம் இல்லை. அது அந்தக் கருவியின் வேலையும் இல்லை, குறை சொல்லவில்லை. ஆனால் பல வீடுகளில் அந்தக் காகிதம் கைக்கு வந்ததோடு விசாரணை முடிந்துவிடுகிறது. 'அடிக்கிற புள்ளை' என்பது அரசு முத்திரையோடு உறுதியானதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆக்ரோஷம் என்றால் கட்டிப்போடு என்பது தென் தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்கள் மனநோயாளிகள், நாம் பேசுகிற ஆட்டிசக் குழந்தைகள் இல்லை, இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் சங்கிலிக்குப் பின்னால் இருந்த யோசனை ஒன்றுதான்: இந்த ஆளுக்கு ஏன் என்று ஒன்று கிடையாது, கையைக் கட்டினால் போதும். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. மதுரையில் மனநலப் பணிக்காக மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை எங்கள் கே.கே. நகரில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஏர்வாடி ஞாபகம் வரும். கட்டாமலும் கவனித்துக்கொள்ள முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே இடம் இருக்கிறதே என்றும் தோன்றும்.

தேர்வு என்று பேசினால் அடுத்த சிக்கல், பேச்சு வராத குழந்தை எப்படிச் சொல்லும்? 1985 வாக்கில் அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும், படத்தை எடுத்துக் கையில் கொடுத்துப் பொருளைக் கேட்கும் முறையை உருவாக்கினார்கள். பெக்ஸ் என்று இன்று சிறப்புப் பள்ளிகளில் சொல்வது இதைத்தான். நம்ம பங்கும் இதில் உண்டு, அதுவும் சாஃப்ட்வேரில். சென்னையில் பூனம் நடராஜன் 1985-ல் தொடங்கிய வித்யா சாகர் பள்ளியின் குழந்தைகளோடு வேலை செய்யும்போது, ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அது பேசும். வெளிநாட்டுக் கருவிகள் சாதாரணக் குடும்பம் வாங்க முடியாத விலையில் இருந்த காலம் அது. 2011-ல் எம்.ஐ.டி.யின் டெக்னாலஜி ரிவ்யூ இதழ் இளம் கண்டுபிடிப்பாளர்கள் 35 பேரில் ஒருவராக அவரைச் சேர்த்தது. பிறகு அது டேப்லெட் செயலியாகி, தமிழிலும் வந்தது.

செயலி இல்லாமலும் ஆரம்பிக்கலாம், இரண்டு கையும் இரண்டு பொருளும் போதும். ஆனால் சில நுணுக்கங்கள் உண்டு. "இட்லியா, தோசையா?" என்று வாயால் கேட்டால் பல ஆட்டிசக் குழந்தைகள் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வார்கள். "தோசை" என்பார்கள், தோசையை வைத்தால் தட்டைத் தள்ளுவார்கள். "கேட்டதைத்தானடா வச்சேன்" என்று அம்மாவுக்குக் கோபம் வரும். அவன் கேட்கவே இல்லை, எதிரொலித்தான். அதனால் இரண்டையும் கண்ணால் பார்க்கக் காட்டுவது நல்லது. சில குழந்தைகள் எப்போதும் வலது கைப் பக்கம் இருப்பதையே எடுக்கும். அப்போது பொருள்களை இடம் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்க்க வேண்டும்.

"குளிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, மாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டு போவது தேர்வு இல்லை, ஏமாற்று. குளிப்பது முடிவான விஷயம் என்றால் அதைக் கேட்கவே வேண்டாம். சிவப்புக் கப்பா நீலக் கப்பா, முதலில் காலா முதுகா, இதைக் கேட்கலாம். சாப்பாட்டுக்கு முன்னால் பல்லாங்குழியில் சோழி போடுவதா, வாளித் தண்ணீரில் குவளை விடுவதா. மேஜையில் உட்கார்ந்து எழுதுவதா, தரையில் உட்கார்ந்து எழுதுவதா. எழுத்தை முதலில் முடிப்பதா, புதிரை முதலில் முடிப்பதா. வரிசையைத் தேர்ந்தெடுப்பதும் தேர்வுதான், பாடமும் கெடாது. எடுத்த பிறகு, "அது வேணாம், இதை எடு" என்று நாம் மாற்றினால் அன்றைக்குக் கட்டிய நம்பிக்கை போச்சு. அப்புறம், குழந்தை ஏற்கெனவே கத்தி உருண்டுகொண்டிருக்கும்போது போய் இரண்டு பொருளைக் காட்டக் கூடாது. அந்த நேரத்தில் அது இன்னொரு தொந்தரவுதான், அடித்தால் பொம்மை வரும் என்ற பாடமும் சேர்ந்துகொள்ளும். தேர்வு அடிக்கு முன்னால் வர வேண்டியது.

இதற்கு எதிராக வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். எல்லாம் இவன் இஷ்டத்துக்கு விட்டால் தலையில் ஏறிவிடுவான், உலகம் இவனைக் கேட்டா நடக்கும் என்று. நியாயமான கவலைதான். ஆனால் மேலே சொன்ன சோதனைகளில் யாரும் வேலையை விட்டுவிடவில்லை. வேலை இருந்தது, ஆசிரியர் வைத்த எல்லை இருந்தது, அதற்குள் ஒரு சின்ன இடம் குழந்தையுடையதாக இருந்தது. டெம்பிள் கிராண்டின், ஆட்டிசம் உள்ளவர்களில் உலகறிந்த பேராசிரியர், சிறுமியாக இருந்தபோது தன்னைக் கேலி செய்த மாணவி மேல் புத்தகத்தை வீசியதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர். பின்னாளில் கால்நடைக் கூடங்களின் வடிவமைப்பில் பெயர் வாங்கினார். எல்லாக் குழந்தையும் கிராண்டின் ஆகும் என்று சொல்லவரவில்லை. வீசிய புத்தகத்தை மட்டும் வைத்து ஆளை எடைபோட்ட பள்ளிகள் அங்கேயும் இருந்தன என்பதற்காகச் சொல்கிறேன்.

பக்கத்துத் தெரு அம்மாவுக்கு நான் கொடுத்தது ஒரு ரூல் போட்ட நோட்டு. மூன்று பத்தி: அடிக்கு முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், உடனே என்ன கிடைத்தது. சிறப்பாசிரியர்கள் காலங்காலமாகப் போடச் சொல்வதுதான், என் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டு வாரம் எழுதிவிட்டு, அந்த நோட்டோடு தெரபிஸ்ட்டிடம் போகச் சொன்னேன். திடீரென்று புதிதாக ஆக்ரோஷம் வந்தால் முதலில் பல், காது, மலச்சிக்கல், தூக்கம் இவற்றைக் குழந்தை மருத்துவரிடம் பார்த்துவிட வேண்டும். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அடிதான் பாஷை, அதற்கு எந்தத் தேர்வும் உதவாது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் உண்டு, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள், கட்டணம் கிடையாது. பெற்றோர் தமிழிலேயே படிக்க யெஸ். பாலபாரதி ஆட்டிசம் பற்றி எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. அவரும் ஒரு ஆட்டிசக் குழந்தையின் தகப்பன்தான்.